மலையக ஈரத்தில் வேட்டைத் துவக்கைத் துப்புரவாக்கிப் பேணுதல்: முழுமையான வழிகாட்டி

பயிர்ப் பாதுகாப்புக்காக அனுமதிப்பத்திரம் பெற்று வைத்திருக்கும் 12 போர் (போர் என்பது குழலின் உட்துளை அளவு) துவக்கைப் பற்றியது இந்த வழிகாட்டி. ஒற்றைக் குழலானாலும் இரட்டைக் குழலானாலும், நடுவில் மடித்துத் தோட்டா போடும் வகைக்கு இங்கே சொல்லப்படும் ஒழுங்கு பொருந்தும். வாய்வழியே மருந்து இடிக்கும் பழைய துவக்கை வெற்றாக்கும் முறையும் கழுவும் முறையும் வேறு என்பதால், அதற்கு இதைப் பின்பற்ற வேண்டாம்.

மலையகத்தில் துவக்கைக் கெடுப்பது பெரும்பாலும் வெடியன்று, ஈரமே. ஹட்டன், வட்டவளைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தில் ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவமழை வருகிறது. நுவரெலியா, கந்தப்பளை, ராகலை உயரங்களில் மழையில்லாத நாளிலும் மூடுபனி இறங்குகிறது. ஆகவே, சுட்டால் மட்டும் துடைத்தால் போதும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். காட்டுப்பன்றிக்காகக் கோவாத் தோட்டத்தில் இரவு முழுவதும் காவலிருந்து, ஒரு வெடியும் வைக்காமல் திரும்பிய துவக்குக்கும் அன்றே துப்புரவு தேவை.

புதியவர்கள் தடுமாறுவது பொருட்களைத் தெரிவு செய்வதில் அல்ல, வேலையின் ஒழுங்கில்தான். முதலில் ஈரத்தை எடுக்க வேண்டும், பிறகு கரியை நீக்க வேண்டும், கடைசியில் மெல்லியதாக எண்ணெய் இட வேண்டும். இந்த ஒழுங்கு மாறி ஈரத்தின் மேல் எண்ணெய் பூசப்பட்டால், நீர் எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் அகப்பட்டு உலோகத்தை அரிக்கிறது. மேலே பளபளப்பு இருப்பதால் பல வாரங்களுக்குப் பிறகே அது கண்ணில் படுகிறது.

1. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

மூன்று துண்டாகவோ இரண்டு துண்டாகவோ பூட்டும் துப்புரவுக் கோல் ஒன்று, 12 போர் அளவுள்ள பொஸ்பர் வெண்கலத் தூரிகை, கம்பளிக் குஞ்சம், துணித்துண்டு செருகும் முனை, பழைய பல்தூரிகை, நூல் பிரியாத பருத்தித் துணித்துண்டுகள், குழல் துப்புரவுக்கான கரைப்பான், துவக்கு எண்ணெய், சிறிதளவு கிறீஸ் ஆகியவை போதும். தூரிகை வெண்கலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: அது கரியையும் ஈயத்தையும் சுரண்டுமளவுக்குக் கடினமானது, குழலின் உருக்கைக் கீறாத அளவுக்கு மென்மையானது. இரும்புக் கம்பித் தூரிகையும் அரத்தாளும் பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளும் இந்த வேலைக்கு ஆகா. அவை துருவோடு சேர்த்துக் குழலின் நீலப் பூச்சையும் எடுத்துவிடுகின்றன. பூச்சுப் போன இடத்தில்தான் அடுத்த துரு முதலில் பிடிக்கிறது.

எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் கையெட்டும் தூரத்தில் இருப்பதால் பலர் தேங்காய் எண்ணெயைப் பூசுகிறார்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாவின் இரவுகளில் அது விசையின் பொறிகள் அடங்கிய விசைப்பெட்டிக்குள் வெண்மெழுகாக நின்று, தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியின் ஓட்டத்தை மந்தமாக்கும். நாட்பட்டால் அது சிக்குப் பிடித்துப் பிசினாகவும் மாறும். மண்ணெண்ணெய் கரியை இளக்கும், ஆனால் காவல் தராது; வேறு கரைப்பான் கிடைக்காமல் அதைப் பயன்படுத்தினால், முற்றாகத் துடைத்தெடுத்து எண்ணெய் இட்டே முடிக்க வேண்டும். வாகனத்திலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெயில் உலோகத் தூளும் அமிலமும் கலந்திருக்கும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். டபிள்யூ டி 40 ஈரத்தை விரட்டுவதற்கு நல்லது. ஆனால் அதையே நீண்டகாலக் காவலாக நம்பக் கூடாது. துவக்கு எண்ணெய் கிடைக்காத ஊரில், தெளிந்த தையல் மெசின் எண்ணெய் ஏற்றுக்கொள்ளத்தக்க மாற்று.

இடத்தையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். அடுப்படியும் விளக்குச் சுடரும் இல்லாத, யன்னல் திறந்த, பகல் வெளிச்சம் விழும் இடமாக அது இருக்க வேண்டும். குழலிலிருந்து வரும் கரியில் ஈயம் கலந்திருப்பதால் சாப்பாட்டு மேசையில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பழைய சாக்கு ஒன்றை விரித்து அதன்மேல் கடதாசி போட்டுக்கொள்வது நல்லது.

2. வெற்றாக்குதல்

துவக்கைக் கையில் எடுத்தவுடன், குழலின் வாய் எவரையும் நோக்காத திசையில் இருக்க, விசையிலிருந்து விரலை விலக்கி, மேல் நெம்பைத் தள்ளித் துவக்கை மடித்துத் திறக்க வேண்டும். தோட்டா அறையைக் கண்ணால் பார்த்தபின், சிறுவிரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். விடியற்காலை மங்கலில் கறுத்த தோட்டா அடி கண்ணை ஏமாற்றுவது உண்டு, விரல் ஏமாறுவதில்லை. இரட்டைக் குழலில் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

குதிரை (ஊசியை அடிக்கும் பகுதி) வெளியே தெரியும் பழைய துவக்கானால், முழுதாக இழுத்த நிலையில் குதிரை நிற்கிறதா என்பதை முதலில் கவனித்து, அதைப் பெருவிரலால் தாங்கி இறக்கிப் பாதி நிலையில் நிறுத்திய பின்பே திறக்க வேண்டும்.

எடுத்த தோட்டாக்களை வேலை நடக்கும் மேசையில் வைக்காமல், வேறு அறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைக்க வேண்டும். சட்டைப் பையிலுள்ளவையும் இதில் அடங்கும். துப்புரவின்போது நேரும் வெடி விபத்துக்கள், துவக்கு வெற்று என்று எவரோ எண்ணிக்கொண்டதால் நேர்பவை. இடையில் எழுந்து சென்று திரும்பினால், இந்தப் படியை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும்; நீங்கள் இல்லாத நேரத்தில் வீட்டில் யார் எதைத் தொட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

3. கழற்றுதல்

துவக்கை மூடிய நிலையில், குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையின் பூட்டை விடுவித்து முன்கட்டையைக் கழற்ற வேண்டும். பிறகு ஒரு கையால் குழலைத் தாங்கி, நெம்பைத் தள்ளி மடித்தால், குழல் தன் கொக்கியிலிருந்து தானாக விடுபடும். இழுத்துப் பிடுங்க வேண்டியதில்லை. அப்படித் தோன்றினால் முன்கட்டை சரியாகக் கழறவில்லை என்று பொருள்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. குழலைக் கழற்றியபின், கையில் மீதியிருக்கும் சோங்கின் (தோளில் வைக்கும் மரப்பகுதி) விசையைச் சிலர் இழுத்துப் பார்க்கிறார்கள். உள்ளே ஏறி நிற்கும் குதிரை அப்போது விழுந்துவிடும். குதிரை விழுந்த நிலையில் பல துவக்குகளில் குழலைத் திரும்பப் பூட்டுவது கடினம். பிறகு சுத்தியலைத் தேடுகிறார்கள், அடிக்கிறார்கள், கொக்கியின் விளிம்பு நசுங்குகிறது. குழல் இல்லாதபோது விசையைத் தொடக் கூடாது.

சாதாரணப் பேணலுக்கு இந்த மூன்று துண்டுகளாகக் கழற்றுவதே எல்லை. விசைப்பெட்டியின் திருகாணிகளைத் திறக்க வேண்டாம். அவற்றின் தலை மிக மெல்லிய வெட்டுள்ளது. வீட்டுத் திருகாணிச் சாவியின் தடித்த நுனி அதைச் சிதைத்துவிடும். உள்ளேயுள்ள வேலை, அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநருக்கு உரியது.

4. ஈரத்தை எடுத்தல்

பனியில் குளிர்ந்த துவக்கை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால், காற்றிலுள்ள ஈரம் இரும்பின்மேல் நுண்துளிகளாகப் படியும். வெளியே மட்டுமன்றி, குழலுக்குள்ளும் விசைப்பெட்டியின் இடுக்கிலும் அது படிகிறது. ஆகவே வந்தவுடன் எண்ணெய்த் துணியை எடுக்காமல், கழற்றிய துண்டுகளை அரை மணி நேரம் அறையில் வைத்து, அறையின் வெப்பநிலைக்கு வரவிட வேண்டும். அதன்பின் உலர்ந்த துணியால் எல்லாப் பக்கமும் துடைக்க வேண்டும்.

இரட்டைக் குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையின் இரு ஓரங்கள், முன்கட்டை அமரும் கொக்கி, விசைக் காவல் வளையத்தின் உட்புறம் ஆகிய மூன்று இடங்களிலும் நீர் தங்கும். துணி புகாத இடத்துக்குக் கடதாசித் துண்டை மடித்து ஓரத்தால் ஒற்றியெடுக்கலாம். அடுப்புக்கு அருகில் வைத்துச் சூடாக்கி உலர்த்தும் வழக்கம் நல்லதன்று. சோங்கின் மரம் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வெடிப்பதோடு, விறகுப் புகையிலுள்ள அமிலமும் இரும்பில் படிகிறது.

5. குழலின் உட்புறம்

சுடாத துவக்கானால், உலர்ந்த துணித்துண்டு இரண்டை விட்டு இழுத்துவிட்டு நேரே 6 ஆம் படிக்குச் செல்லலாம். சுட்ட துவக்கானால் இங்கேதான் பொறுமை வேண்டும்.

முதலில் உலர்ந்த துணித்துண்டை விட்டு, உதிரிக் கரியை வெளியே தள்ள வேண்டும். பின்பு கரைப்பானில் நனைத்த துண்டை விட்டு, குழல் முழுவதும் நனைத்து, பத்து முதல் பதினைந்து நிமிடம் விட்டுவிட வேண்டும். காத்திருப்பதைத் தவிர்த்து உடனே தூரிகையால் தேய்ப்பவர்கள், கரைப்பான் தானாகச் செய்யும் வேலையைத் தங்கள் தோள் வலியால் செய்கிறார்கள்.

கோலை எப்போதும் தோட்டா அறைப் பக்கத்திலிருந்து குழலின் வாயை நோக்கித் தள்ள வேண்டும். குழலின் வாய்விளிம்பில் கோல் உரசித் தேய்வதை இது தடுக்கிறது. அழுக்கும் அறைப் பக்கம் திரும்பி வராது. தூரிகை வாய்க்கு வெளியே முழுதாக வந்த பின்பே திரும்ப இழுக்க வேண்டும். குழலின் நடுவில் நிறுத்தித் திசை மாற்றினால் தூரிகையின் இழைகள் எதிர்த்திசையில் மடங்கி இறுகிக்கொள்ளும். கோலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இடிப்பதும் கூடாது.

கரி பெரும்பாலும் இரண்டு இடங்களில் திரளும். ஒன்று, தோட்டா அறை முடிந்து குழல் ஒடுங்கத் தொடங்கும் பகுதி. மற்றொன்று, வாய்க்கு அருகிலுள்ள ஒடுக்கம். முதலாவதில், தோட்டாவுக்குள் மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையிலிருக்கும் பிளாஸ்டிக் அடைப்பின் எச்சம் நீளக் கோடுகளாக ஒட்டியிருக்கும். இரண்டாவதில் ஈயம் சாம்பல் நிறத் திட்டாக இருக்கும். இந்த இரண்டு இடங்களுக்கும் தூரிகையைக் கூடுதலாக ஓட்டிய பின், புதிய துணித்துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக விட வேண்டும். துண்டு வெண்மையாக வெளிவரும்வரை இது தொடர வேண்டும். ஒரே துண்டைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தினால், எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுகிறோம்.

பழைய இருப்புத் தோட்டாக்களைச் சுட்டிருந்தால் ஒரு விதிவிலக்கு உண்டு. அவற்றில் சிலவற்றின் பற்றுமருந்து (ஊசி குத்தியதும் முதலில் பற்றும் மருந்து) எரிந்தபின் பொட்டாசியம் குளோரைட் என்ற உப்பை விட்டுச் செல்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ஓர் இரவிலேயே குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெயும் சாதாரணக் கரைப்பானும் உப்பைக் கரைக்கமாட்டா, நீர்தான் கரைக்கும். ஆகவே, சோங்கிலிருந்து கழற்றிய குழலுக்குள் மட்டும், அறைப் பக்கத்திலிருந்து கொதிநீரை ஊற்றி வடித்து, சூடு ஆறுமுன் உலர்ந்த துண்டுகளை விட்டு ஈரத்தை முற்றாக எடுத்து, உடனே எண்ணெய் இட வேண்டும்.

6. குழலை வெளிச்சத்தில் பார்த்தல்

எண்ணெய் இடுமுன் செய்ய வேண்டிய படி இது. எண்ணெய் இட்டபின் பார்த்தால் அதன் மினுக்கம் குறையை மறைத்துவிடும். தனியாகக் கழற்றிய குழலை யன்னலை நோக்கி உயர்த்தி, மெல்லச் சுழற்றிக்கொண்டே உள்ளே பார்க்க வேண்டும். நல்ல குழலில் ஒளி வளையங்கள் ஒரே சீராக, ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். ஓரிடத்தில் வளையம் நெளிந்தால் அங்கே நசுக்கம் உள்ளது. முழு வட்டமாகக் கரிய நிழல் தெரிந்தால் குழல் அவ்விடத்தில் உப்பியிருக்கலாம். சிறு கரும்புள்ளிகள் தூரிகைக்குப் போகாமல் நின்றால், துரு குழியாகிவிட்டது.

புள்ளிகளைத் தேய்த்துப் போக்க முயல வேண்டாம். குழலின் சுவரே அதனால் மெலியும். நசுக்கம், உப்பல், ஆழ்ந்த குழி ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும், அந்தத் துவக்கால் அடுத்த வெடி வைக்கக் கூடாது. திருத்துநரிடம் காட்டி, அவர் அளந்து பார்த்துச் சொன்ன பின்பே பயன்படுத்த வேண்டும்.

7. தோட்டா அறையும் எதிர்முகமும்

தோட்டா அறைகளைத் தூரிகையால் தேய்த்துத் துணியால் துடைக்க வேண்டும். இங்கே கரி தங்கினால் சுட்ட தோட்டா இறுகிக்கொண்டு வெளியே வராது. தோட்டாவை உந்தி எழுப்பும் தகட்டை விரலால் வெளியே இழுத்து, அதன் அடியிலுள்ள கரியைப் பல்தூரிகையால் எடுக்க வேண்டும். பெரும்பாலோர் மறக்கும் இடம் இதுவே. அந்தத் தகடு முழுதாக உள்ளே அமராவிட்டால் துவக்கு இறுக்கமாக மூடாது.

விசைப்பெட்டியின் எதிர்முகத்தில் (மூடும்போது குழலின் அடி வந்து சேரும் முகம்) ஊசி வெளிவரும் துவாரங்களைக் கரைப்பான் தொட்ட பல்தூரிகையால் சுத்தம் செய்யும்போது, முகம் கீழ்நோக்கி இருக்கும்படி சோங்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுக்குக் கரைசல் துவாரத்தின் வழியே உள்ளே இறங்கும்.

8. எண்ணெய் இடுதல்

குறைவாக இடுவதே இங்கே திறமை. கம்பளிக் குஞ்சத்தில் சில துளிகள் விட்டு, குழலுக்குள் ஒருமுறை ஓட்டினால் போதும். வெளிப்புறத்துக்கு, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. மடியும் அச்சு, அதில் அமரும் கொக்கி, முன்கட்டை உரசும் வளைவு ஆகியவை பாரத்தோடு உராயும் இடங்கள் என்பதால், அங்கே எண்ணெயைவிட அரிசி மணியளவு கிறீஸ் நல்லது. பழைய கிறீஸை முற்றாகத் துடைத்த பின்பே புதியதை இட வேண்டும். அதில் மண்துகள் கலந்திருந்தால், அது மசகாக இல்லாமல் அரமாக வேலை செய்யும்.

விசைப்பெட்டிக்குள் எண்ணெயை ஊற்றக் கூடாது. அது கீழிறங்கிச் சோங்கின் தலைப்பில் ஊறி, மரத்தைக் கறுக்கச் செய்து மிருதுவாக்கும். மிருதுவான மரம் வெடியின் உதைப்பைத் தாங்காமல் பிளக்கும். பழைய துவக்குகளில், இரும்பும் மரமும் சேரும் இடத்தில் காணும் கருந்திட்டு இப்படி வந்ததே.

எண்ணெய் இட்டபின் இரும்பை வெறுங்கையால் தொட வேண்டாம். வியர்வையிலுள்ள உப்பு, விரல் ரேகையின் வடிவத்திலேயே துருவாகப் பதியும். துவக்கின் உடலில் பொறித்துள்ள இலக்கத்தின்மேல் துரு ஏறாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். அது அனுமதிப்பத்திரத்திலுள்ள இலக்கத்தோடு ஒத்து வாசிக்கக்கூடியதாக எப்போதும் இருக்க வேண்டும்.

9. சோங்கும் முன்கட்டையும்

உலர்ந்த துணியால் துடைத்து, பிடியிலுள்ள கட்டக்கோடுகளை உலர்ந்த பல்தூரிகையால் தட்டிவிட்டால் பெரும்பாலும் போதும். மரம் வெளிறியிருந்தால், ஆளி விதை எண்ணெய் இரண்டு மூன்று துளியை உள்ளங்கையால் தேய்த்து ஏற்றி, மிகுதியைத் துடைத்தெடுக்க வேண்டும்.

அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடுவது ஆபத்தானது. ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் வெளிவிடுகிறது. சுருட்டிய துணியில் அந்த வெப்பம் தங்கித் தானாகத் தீப்பற்றக்கூடும். வெளியே கம்பியில் விரித்துக் காயப்போட்ட பின்பே அதைக் கழிக்க வேண்டும்.

10. திரும்பப் பூட்டிச் சோதித்தல்

குழலின் கொக்கியை அச்சில் அமர்த்தி, மூடி, முன்கட்டையைப் பூட்ட வேண்டும். மூடும்போது முழங்காலில் மோதியோ வேகமாக உதறியோ மூடாமல், சோங்கைக் குழலை நோக்கி உயர்த்தி மெதுவாகச் சேர்க்க வேண்டும். நெம்பு நடுவுக்குத் திரும்புகிறதா, பாதுகாப்புப் பூட்டு அதற்குரிய நிலையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பின்பு முன்கட்டையை மட்டும் மறுபடி கழற்றி, மூடிய துவக்கைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்கலாம். குழலுக்கும் எதிர்முகத்துக்கும் இடையில் ஆட்டம் தெரிந்தால் அது திருத்துநருக்கான வேலை. விசையைச் சோதிக்க விரும்பினால், போலித் தோட்டா போட்டே இழுக்க வேண்டும். வெற்று அறையில் திரும்பத் திரும்ப இழுத்தால் ஊசி உடையக்கூடும்.

வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கரித்துணிகளைப் பிள்ளைகள் எடுக்காதபடி கட்டிக் கழிக்க வேண்டும்.

11. வைக்கும் இடம்

தோலுறையிலோ கன்வஸ் உறையிலோ போட்டு வைப்பது மலையகத்தில் துவக்குக்குச் செய்யும் பெருந்தீங்கு. உறை ஈரத்தை உறிஞ்சி, இரவும் பகலும் அதை இரும்போடு ஒட்டி வைத்திருக்கும். உறை, எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. அடுப்படிப் பரணும் மண்சுவர் மூலையும் கூடா. வெளிச்சுவரில் ஒட்டாத, பூட்டக்கூடிய அலுமாரியில், சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்க வேண்டும். பைகளை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தாவிட்டால் அவற்றால் பயன் இல்லை.

எண்ணெய் இட்ட முதல் நாளில் குழலின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி, மடித்த துணியின்மேல் நிறுத்தினால், மிகுதி எண்ணெய் சோங்குக்குள் இறங்காமல் வாய்ப்பக்கம் வடியும். தோட்டாக்களை வேறு பூட்டில், காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். கடதாசித் தோட்டாக்கள் ஈரத்தில் உப்பி அறைக்குள் இறங்க மறுக்கும்.

மழை மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறையும் மற்றக் காலத்தில் மாதத்துக்கு ஒருமுறையும் வெளியே எடுத்து, வெற்று என்று உறுதி செய்து, துடைத்து, எண்ணெய்த் துணியால் தொட்டு வைக்க வேண்டும். பத்து நிமிட வேலை இது. ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் பெரிய துப்புரவைவிட இதுவே துவக்கைக் காப்பாற்றுகிறது.

12. மீண்டும் பயன்படுத்துமுன்

குழலிலுள்ள எண்ணெயை உலர்ந்த துணித்துண்டால் எடுத்துவிட்டு, குழலின் வழியே வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். குளவி குழலுக்குள் மண்கூடு கட்டுவது அரிதான செய்தியன்று. தோட்டத்து வரப்பில் சறுக்கி விழுந்தால் வாயில் சேறு அடைப்பதும் எளிது. எந்த அடைப்பாக இருந்தாலும் அதோடு சுட்டால் குழல் உப்பவோ வெடிக்கவோ கூடும்.

இதே காரணத்தால், அளவில் சிறிய 20 போர் தோட்டாவை 12 போர் தோட்டாக்களோடு ஒரே பையில் போடக் கூடாது. அது 12 போர் அறைக்குள் நழுவிச் சென்று, அறை முடிந்து குழல் ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் கண்ணுக்கு மறைவாக நின்றுவிடும்; வெற்று என்று எண்ணி அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், பிடித்திருக்கும் கைக்கு நேரே குழல் கிழியும். தோட்டாவின் நீளத்தையும் பார்க்க வேண்டும். பழைய துவக்குகள் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர். 70 மில்லிமீற்றர் தோட்டா, மடிந்த வாயோடு இருக்கும்போது அதற்குள் இலகுவாகவே போய்விடும், வெடிக்கும்போதுதான் விரிய இடமில்லாமல் அழுத்தத்தைக் கூட்டும். அறையின் நீளம் குழலின் அடிப்புறத்தில் பொறிக்கப்பட்டிருந்தால், தோட்டா வாங்குமுன் அதை வாசித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழலில் அடைப்புத் தெரிந்தால், துவக்கை வெற்றாக்கி, குழலைக் கழற்றி, கோலால் தள்ளி எடுக்க வேண்டும். அடைப்பு சுடப்படாத தோட்டாவானால் அதைக் கோலால் இடிக்காமல், குழலைக் கழற்றிய நிலையிலேயே வைத்துத் திருத்துநரை அழையுங்கள்.